வக்கீல் குமாஸ்தா வேலை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பட்டம் இல்லை. வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர முடியுமா?

சேரலாம். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பிழையில்லாத தட்டச்சு, கேஸ் கட்டை ஒழுங்காக வைக்கும் பழக்கம், இ-ஃபைலிங் (இணையவழி வழக்குத் தாக்கல்) மூன்றும் வேண்டும். ஓர் எச்சரிக்கை: எந்த அவசரத்திலும் கட்சிக்காரரின் கையெழுத்தை நீங்கள் போடாதீர்கள்.

கேள்வி: முதலில் எதைக் கற்பது?

நகல் மனு, அதாவது தீர்ப்பின் சான்றிட்ட நகல் கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனு. சிவில் வழக்கில் தீர்ப்பு வந்த அன்றே போட்டுவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். நகல் பெற ஆகும் நாட்களை, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 12-ஆம் பிரிவு கழித்துக் கொடுக்கிறது. ஆனால் சான்றிட்ட நகலில் உள்ள தேதிகளைப் பாருங்கள்: மனு செய்த தேதி, நகலுக்கான முத்திரைத்தாளை நீதிமன்றம் கேட்ட தேதி, நீங்கள் அதைச் செலுத்திய தேதி, நகல் தயாரான தேதி. தாள் கேட்ட பிறகு நீங்கள் தாமதித்த நாட்கள் கழியாது. தயாரான நகலை வாங்காமல் விட்ட நாட்களும் அப்படியே.

கேள்வி: நாள் கணக்கு வக்கீலின் பொறுப்பு. குமாஸ்தாவுக்கு எதற்கு இந்தக் கவலை?

பொறுப்பு அவருடையதுதான். ஆனால் நகல் பிரிவில் போய் நிற்பவர் நீங்கள். தாள் கேட்டிருப்பது உங்கள் கண்ணில்தான் முதலில் படும்.

கேள்வி (அதே நண்பர்): தாமதமானால், அதை மன்னிக்கக் கோரி அதே காலவரையறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவில் மனு போடலாமே?

போடலாம். போதிய காரணம் காட்ட வேண்டும், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும், நீதிமன்றம் மறுக்கவும் மறுக்கலாம். மறுத்தால் மேல்முறையீடு விசாரணைக்கே வராது. குமாஸ்தா நகல் பிரிவுக்குப் போகாததற்காக ஒருவர் தன் வீட்டை இழப்பதா? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புதான் படித்திருக்கிறேன், சேரலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: சின்ன வழக்குகளில் நானே வாதாடலாமா?

கூடவே கூடாது. 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி 6 மாதம் வரை சிறை.

கேள்வி: சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டம் சார் தன்னார்வலருக்கு மாதச் சம்பளம் உண்டா?

கிடையாது, மதிப்பூதியம் மட்டுமே. ஆனால் எளிய மக்களுக்கு மனு எழுதிக்கொடுத்துப் பழக நல்ல இடம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: கட்சிக்காரர் வெளியூரில் இருக்கிறார், நாளை வக்காலத்து (வக்கீலுக்கு அவர் அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) தாக்கல் செய்ய வேண்டும். அவர் சம்மதத்தோடு நானே கையெழுத்துப் போடலாமா?

போடாதீர்கள். சம்மதம் இருந்தாலும் அது அவர் கையெழுத்து ஆகாது. இன்றே வக்கீலிடம் சொல்லுங்கள். அவர் நீதிமன்றத்தில் அவகாசம் கேட்பார்.