வெடக்கோழிக்கு லேயர் தீவனம் போடலாமா?

கேள்வி: அண்ணாச்சி, எங்க வீட்ல நாட்டுக்கோழிக் குஞ்சுக நிக்குது, மூணு மாசம் ஆகப்போவுது. பெரிய கோழிக்கு வாங்குத லேயர் தீவனத்தையே இதுகளுக்கும் போட்டா சீக்கிரம் முட்டை வைக்கும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்லுதாவ. போடலாமா? எல்லாத்தையும் ஒரே கூட்டுலதான் அடைக்கோம்.
- வாசகி, அம்பாசமுத்திரம் பக்கம்

பதில்: போடாதிய தங்கச்சி. லேயர் தீவனத்துல 100 கிலோவுக்கு மூணரை நாலு கிலோ கால்சியம் இருக்கும், அது முட்டை ஓட்டுக்குன்னே சேக்கது, வளருத குஞ்சுக்கு ஒரு கிலோ கணக்கே தாராளம். மிச்சத்தை வெளிய தள்ள முடியாம கிட்னி கெட்டுப்போவும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் மேயும், முட்டை வைக்கப்போற நேரத்துல திடீர்னு செத்துக் கெடக்கும், அறுத்துப் பாத்தா கிட்னி வீங்கி, ஈரல் மேலயும் இருதயத்து மேலயும் சுண்ணாம்பு பூசுன மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கும். சீக்கிரம் முட்டை வைக்கும்ங்கதும் சரியில்ல. நாட்டுக்கோழி அஞ்சரை, ஆறு மாசம் ஆகித்தான் வைக்கும், உடம்பு தேறாம வச்சா முட்டை சின்னதா இருக்கும், சிலதுக்கு பின்பக்கம் வெளிய தள்ளி மத்த கோழி கொத்தியே கொன்னுரும்.

8 வாரம் வரைக்கும் ஸ்டார்ட்டர்ங்க குஞ்சுத் தீவனம், அதுல புரதம் 20 சதவீதம். அதுக்கப்புறம் குரோயர்ங்க வளருத கோழித் தீவனம், புரதம் 16 சதவீதம் போதும். உங்க பக்கம் ரைஸ் மில்லு நெறைய இருக்குல்லா, குருணையும் தவிடும் சுளுவா கிடைக்கும், ஆனா அதை மட்டும் போட்டா புரதம் பத்தாது, கடலைப் பிண்ணாக்கு சேக்கணும், பூசணம் புடிச்ச வாடை லேசா அடிச்சாலும் தூரப் போட்டுருங்க, ஈரலைக் கெடுத்துரும். கரையான் வச்சுப் பாருங்க, ரொம்ப நல்லது. பழைய பானையில காஞ்ச சாணி, கிழிஞ்ச சாக்கு, ஓலையெல்லாம் திணிச்சு தண்ணி தெளிச்சு கரையான் இருக்க மண்ணுல சாயங்காலம் கவுத்து வச்சா விடியக்காலம் பானை நெறைய ஏறியிருக்கும், அப்படியே தட்டிவிட வேண்டியதுதான். கருவாட்டுத்தூள் போடுதாப்ல இருந்தா உப்புப் போடாம காயவச்சதா பாத்து வாங்குங்க, உப்பு கூடுனா குஞ்சு தாங்காது.

ஒரே கூட்டுல நிக்குதுன்னா எல்லாத்துக்கும் குரோயரே போடுங்க, கிளிஞ்சலை உடைச்சு தனியா ஒரு சட்டியில வைங்க, முட்டைக்கோழி தனக்கு வேணுங்க கால்சியத்துக்கு அதைத் தானே பொறுக்கிக்கிடும், குஞ்சுக அதை அவ்வளவா சீண்டாது. மாவா இடிக்காதிய, பயறு அளவுல துண்டா இருக்கணும், அப்பதான் இரைப்பையில கெடந்து மெதுவா கரையும், ஓடு கெட்டியாவுதது ராத்திரியிலதானே.

கொண்டை நல்லா செவந்து, முதுகுல கை வச்சா கோழி அப்படியே பம்மி உக்காந்தா முட்டைக்குத் தயாராயிட்டுன்னு அர்த்தம். பின்பக்கம் ரெண்டு எலும்பு முள்ளு மாதிரி தட்டுப்படும், நடுவுல ரெண்டு வெரல் போனா இன்னும் நிச்சயம். அப்ப லேயருக்கு மாத்துங்க, ஒரேயடியா மாத்தாம ஒரு வாரம் குரோயரோட கலந்து கலந்து கொடுங்க.

8-வது வாரத்துல போடுத வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டாச்சா? போடலன்னா இந்த வாரமே கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டுப் போட்டுருங்க.