பார நீர் குடித்தால் தாய்ப்பாலுக்குத் தீங்கா?

கிளிநொச்சிப் பகுதியிலிருந்து நான்கு மாதப் பிள்ளையின் தாயொருவர் கேட்கிறார்: “தாய்ப்பால் பற்றிய ஆய்வொன்றுக்காக என்னை 30 கிராம் பார நீர் குடிக்கச் சொல்கிறார்கள். பிறகு 14 நாட்களுக்குள் சில தடவை என்னிடமும் பிள்ளையிடமும் உமிழ்நீர் எடுப்பார்களாம். அணு உலையில் பயன்படுத்தும் நீர் அது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். கதிர்வீச்சு பிள்ளைக்குப் போகுமா?”

போகாது. பார நீர் சில அணு உலைகளில் பயன்படுவது உண்மைதான். ஆனால் அதிலுள்ள தியூத்திரியம் கதிர்வீச்சை வெளிவிடாத, நிலையான ஐதரசன் சமதானி, அதாவது ஐதரசனின் பாரம் கூடிய வகையாகும். (கதிர்த்தொழிற்பாடு உள்ளது திரித்தியம், அது வேறு.) உங்கள் கிணற்று நீரிலும் இரணைமடுக் குளத்து நீரிலும் பத்து இலட்சம் ஐதரசன் அணுக்களுக்குச் சுமார் 150 தியூத்திரிய அணுக்கள் இயற்கையாகவே இருப்பதால், ஏறக்குறைய 30 லீற்றர் நீரைக் கொண்ட ஒரு தாயின் உடலில் சுமார் 5 கிராம் பார நீருக்கு ஈடான அளவு எப்போதும் உண்டு. நீங்கள் குடிக்கப்போகும் 30 கிராம், உடல் நீரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. விலங்குகளில் கடுமையான தீங்கு காணப்பட்டதோ உடல் நீரில் ஐந்திலொரு பங்கும் அதற்கு மேலும் பார நீரான போதுதான்.

உடல் நீரை அளக்கும் முறை எளிமையானது. அளவு தெரியாத தொட்டி நீரில் அளந்த சாயத்தைக் கலந்து, நிறம் எவ்வளவு ஐதாகிறது என்று பார்த்தால் தொட்டியின் நீரளவு தெரிந்துவிடும். குடித்த பார நீர் சில மணித்தியாலங்களில் உடல் நீர் முழுவதும் பரவிவிடுகிறது; அப்போது உமிழ்நீரில் ஒரு கிலோவுக்கு 1 கிராம் கூடுதலாக இருந்தால், கலந்த நீர் 30 கிலோ. தியூத்திரியத்தில் சிறு பங்கு புரதம் முதலியவற்றிலும் ஏறிவிடுவதால் 1.04 ஆல் வகுத்து, உடல் நீர் 28.8 கிலோ என்று கொள்வார்கள். ஹெவேசி, ஹோஃபர் என்ற விஞ்ஞானிகள் 1934 இலேயே பார நீரைக் கொண்டு மனித உடல் நீரை ஆராய்ந்தார்கள்.

நீங்கள் குடித்த பார நீரின் தியூத்திரியம் பிள்ளைக்கு உங்கள் பாலின் வழியாக மட்டுமே சேரும். உங்கள் உமிழ்நீரில் அது குறைவதையும் பிள்ளையின் உமிழ்நீரில் ஏறி இறங்குவதையும் சேர்த்துக் கணித்தால், நாளொன்றுக்குப் பிள்ளை குடித்த பால் எவ்வளவு, பாலல்லாமல் பெற்ற நீர் எவ்வளவு என்ற இரண்டுமே தெரியவரும். பிள்ளையை எழுப்பித் தராசில் வைத்துப் பாலூட்டும் தொல்லை இதில் இல்லை என்பதாலேயே இம்முறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முதல் உமிழ்நீர் மாதிரியைப் பார நீர் குடிப்பதற்கு முன்னரே கொடுக்க வேண்டும். குடிக்கும்போது ஒரு துளியும் சிந்தாமல், போத்தலைச் சிறிது நீரால் அலசி அதையும் குடியுங்கள். சிந்தினால் மறைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள், ஏனெனில் கணக்கு முழுவதும் அந்த 30 கிராமில்தான் நிற்கிறது. மாதிரி எடுப்பதற்கு முந்திய அரை மணித்தியாலத்தில் நீங்கள் எதுவும் உண்ணவோ குடிக்கவோ வேண்டாம். பிள்ளைக்கும் அதற்குச் சற்று முன்னரே பால் கொடுத்து முடித்துவிடுங்கள். வெக்கையில் தாகமெடுத்தால் மற்ற நேரங்களில் வழக்கம்போலத் தண்ணீர் குடிக்கலாம். பிள்ளைக்குக் கொதித்தாறிய நீரோ வேறெதுவுமோ கொடுத்திருந்தால், ஏசுவார்களோ என்று அஞ்சாமல் அதையும் சொல்லுங்கள்.