தொடர்ந்து ரத்த தானம் செய்கிறீர்களா? பலர் செய்யாமல் இருப்பதற்கு உண்மையான காரணம் என்ன?

செய்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சில சமயம் இழுத்து நாலு மாதம் ஆகிவிடும். கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊசிக்குப் பயம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் பார்த்தவரை அது அவ்வளவு பெரிய காரணமே இல்லை.

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை போர்டுகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காள எழுத்தும் இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வருகிறார்கள், பெரும்பாலும் நோயாளியோடு துணைக்கு ஒருத்தர், மிஞ்சிப் போனால் இரண்டு பேர். நம்ம ஊர் ஆள் என்றால் ரத்தம் வேண்டும் என்றதும் மச்சான், சித்தப்பா பையன், தெருப் பசங்க என்று அரை மணி நேரத்தில் பத்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? கையில் சீட்டை வைத்துக்கொண்டு கடை கடையாக "தாதா, ரக்தோ லாக்பே" (அண்ணா, ரத்தம் வேண்டும்) என்று வங்காளத்தில் கேட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோயாளியின் ஆட்களே மாற்று ரத்தத்துக்கு ஆள் கொண்டுவர வேண்டும் என்கிற வழக்கத்தைப் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும் என்று 2002-ல் வந்த தேசிய ரத்தக் கொள்கையிலேயே இருக்கிறது. நாட்டில் நிறைய இடங்களில் அது இன்னும் நிற்கவில்லை, நிற்காததற்கு நாமும் ஒரு காரணம். கேட்காமலே வந்து கொடுக்கிறவர்கள் போதுமான அளவு இருந்தால் யாரும் யாரிடமும் ஆள் கேட்க வேண்டியதில்லை.

என் கணக்கில் முதல் தடை இதுதான். "யாராவது கூப்பிட்டா கண்டிப்பா வரேன்." இப்படிச் சொல்லாத ஆளே கிடையாது, சொல்கிறவர்கள் மனசாரத்தான் சொல்கிறார்கள். நடுராத்திரி போன் போட்டாலும் காட்பாடியிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். ஆனால் யாரும் கூப்பிடாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அவர்களாகப் போய்க் கொடுக்க மாட்டார்கள். தேவையே அந்தச் செவ்வாய்க்கிழமை ரத்தம்தான். ஏனென்று சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த ரத்தத்தை அப்படியே எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு ஏற்ற முடியாது. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா, இந்த அஞ்சுக்கும் பரிசோதனை செய்து எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பை வெளியே போகும். அதற்கே சில மணி நேரம் ஆகும். ராத்திரி பெங்களூர் ரோட்டில் பள்ளிகொண்டா பக்கம் லாரியில் மோதி அடிபட்டு வருகிற பையனுக்கு அவ்வளவு நேரம் இருக்காது. அவனுக்கு ஏறுவது ஏற்கெனவே பரிசோதனை முடிந்து குளிர்பெட்டியில் இருக்கும் ரத்தம், யாரோ ஒருத்தர் பத்து நாளைக்கு முன்னால் யாரும் கூப்பிடாமல் போய்க் கொடுத்தது. அவனுடைய நண்பர்கள் அப்போது ஓடிவந்து கொடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தை நிரப்பத்தான். அதுவும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குளிர்பெட்டி காலியாக இருந்தால் வெளியே ஐம்பது பேர் நின்றாலும் முதல் ஒரு மணி நேரத்துக்கு உதவி கிடையாது.

இரண்டாவது தடை வீடு. கல்லூரியில் படிக்கும்போது முதல் தடவை கொடுத்துவிட்டு வந்து சொன்னதும் எங்கள் அம்மா கேட்டது இது: "இன்னா கண்ணு, உடம்புல இருக்கறதே ரெண்டு சொம்பு ரத்தம், அதையும் ஊத்திக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே?" அம்மாவின் அளவு ரொம்பத் தப்பில்லை, பெரிய ஆளுக்கு சுமாராக ஐந்து லிட்டர் இருக்கும். எடுப்பது 350 மில்லி, எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரைக்கும் எடுக்கலாம். போன நீர்ச்சத்து ஒன்றிரண்டு நாளில் திரும்பிவிடும். சிவப்பணுக்கள் ஊற நாலு முதல் ஆறு வாரம் ஆகும், இரும்புச்சத்து நிரம்ப இன்னும் கொஞ்சம் கூட ஆகும். அதனால்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது காதில் ஏறவில்லை. பின்னாடி எங்கள் அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆனபோது இரண்டு பை ஏற்றினார்கள், யார் கொடுத்ததென்றே தெரியாது, அன்றைக்கு அம்மா தானாகவே "யார் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. கல்யாணம் ஆகாத பையன், உடம்பு போயிடும் என்று தடுக்கிற வீடுகள் இன்னும் நிறைய. அந்த அப்பா அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அவர்கள் காலத்தில் காசுக்கு ரத்தம் விற்று ஒடிந்து போனவர்களைப் பார்த்திருப்பார்கள். உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி 1 முதல்தான் காசுக்கு ரத்தம் கொடுப்பது நாடு முழுக்கத் தடையானது. இப்போதும் யாராவது பணம் கொடுத்தால் ஆள் தருகிறேன் என்று வந்தால் பக்கத்தில் சேர்க்காதீர்கள், காசுக்காக வருகிறவர் தன் நோயை மறைப்பார்.

எய்ட்ஸ் வந்துவிடும் என்கிற பயம் மூன்றாவது. படித்தவர்களிடமும் இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். கொடுக்கிறவருக்கு வர வழியே இல்லை. ஊசி, குழாய், பை மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடியபடியே வரும், உங்கள் கண் முன்னால் பிரித்து, உங்களுக்கு மட்டும் பயன்படுத்தித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். வேலூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இதில் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது 1986-ல், நம்ம ஊரில் செய்த பரிசோதனையில். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் மேற்பார்வையில் நிர்மலா என்கிற மருத்துவ மாணவி சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதிக்க அங்கே வசதி இல்லாததால், ராத்திரி ரயிலில் காட்பாடிக்கு எடுத்து வந்து சி.எம்.சி.யில் சோதித்தார்கள். அதற்குப் பிறகுதான் தானம் வரும் ரத்தத்துக்கெல்லாம் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்ற நிலை வந்தது. அன்றைக்கு இருந்த பயத்துக்குக் காரணம் இருந்தது. அதுவும் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவருக்கு இருந்த ஆபத்துதானே தவிர, கொடுக்கிறவருக்கு இல்லை.

"நாம சும்மா குடுக்கறோம், அவங்க காசுக்கு விக்கறாங்க" என்று ஒரு கோபம் இருக்கிறது. நியாயமான சந்தேகம். ரத்தத்துக்கு விலை போடக் கூடாது, பை, பரிசோதனை, பிரித்தெடுப்பது, பாதுகாப்பது இவற்றுக்கு ஆகும் கட்டணம் மட்டும் வாங்கலாம் என்பது விதி. உங்கள் பை பெரும்பாலும் முழுசாகப் போவதும் இல்லை. சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு (பிளேட்லெட்) என்று மூன்றாகப் பிரித்து மூன்று பேருக்குப் போகலாம். அதிகமாகக் கேட்கிறார்கள் என்றால் ரசீது கேளுங்கள், புகார் கொடுங்கள். கொடுப்பதை நிறுத்தினால் அடிபடுவது நோயாளிதான்.

இப்போது பெண்கள் விஷயம். எனக்கு மனசு ஆறாதது இதுதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு முகாமுக்கு அவராகவே ஆசைப்பட்டு வந்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து நீலக் கலரில் இருக்கும் மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். ரத்தத்தில் சத்து போதுமான அளவு இருந்தால் சொட்டு உடனே கீழே இறங்கும், குறைவாக இருந்தால் மேலேயே தத்தளிக்கும். அக்காவின் சொட்டு இறங்கவில்லை. அங்கே இருந்தவர் வரிசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி "உனக்கே ரத்தம் இல்ல, நீ எங்கம்மா குடுக்கறது, போ போ" என்றார். கூட வந்த பெண்கள் மூன்று பேரும் அவரோடு எழுந்து போய்விட்டார்கள். நாலு பேர் போனதில் நஷ்டம் நாலு பை ரத்தத்தோடு நிற்கவில்லை. அவர்கள் இனி எந்த முகாமுக்கும் வர மாட்டார்கள், வீட்டில் மகள்களையும் அனுப்ப மாட்டார்கள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டியது என்ன? அந்தச் சத்து, அதாவது ஹீமோகுளோபின், 100 மில்லி ரத்தத்தில் 12.5 கிராம் இருந்தால்தான் எடுக்க முடியும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று அரசாங்கத்தின் குடும்பநல ஆய்வே சொல்கிறது. அப்படி இருக்கும்போது திருப்பி அனுப்ப வேண்டிய பெண்கள் தினமும் வருவார்கள். அவர்களை உட்காரவைத்து, எவ்வளவு இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகக் கிடைக்கும், டாக்டரைப் பாருங்கள், சாப்பிட்டதும் டீ குடிக்காதீர்கள், டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இரண்டு நிமிஷம் போதும். அந்த அக்காவுக்கு இதைப் பிறகு சொன்னது எங்கள் பகுதி நர்ஸ். நாளெல்லாம் தலைசுற்றலோடு மிஷினில் உட்கார்ந்திருந்திருக்கிறார், வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு. மாத்திரை சாப்பிட்டுச் சரியானது. ஆனால் கொடுக்க வாருங்கள் என்றால் இன்றைக்கும் "வேணாம்பா, மறுபடியும் நாலு பேர் எதிர்ல சொல்லுவாங்க" என்கிறார்.

முகாம் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொட்டுப் பரிசோதனை மேஜையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். திருப்பி அனுப்புகிறவருக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஜூஸும் கொடுத்து அனுப்புங்கள்.

நேரமும் கூலியும் அடுத்தது. மத்திய அரசு ஊழியருக்கு ரத்தம் கொடுத்த நாளுக்குத் தனியாக சிறப்பு விடுப்பு உண்டு, வருஷத்துக்கு நாலு தடவை வரைக்கும். குடியாத்தத்தில் பீடி சுற்றுகிறவருக்கோ ஆம்பூரில் தோல் ஷாப்பில் நிற்கிறவருக்கோ அரை நாள் என்றால் அரை நாள் கூலி போச்சு. முழு வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், பை நிறைவதற்கு மட்டும் என்றால் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் பஸ் பிடித்து வந்து போகிற நேரத்தை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? கம்பெனிக்குள்ளேயே முகாம் வைத்து அந்த நேரத்துக்குக் கூலி பிடிக்காமல் இருந்தால் இந்த மாவட்டங்களில் எவ்வளவோ பேர் கொடுப்பார்கள். முதலாளிமார்கள் நினைத்தால் நாளைக்கே நடக்கும்.

அப்புறம் தகுதி இல்லை என்று தாங்களே முடிவு செய்துகொள்கிறவர்கள். சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சுகர் கட்டுக்குள் இருந்து, கடந்த நாலு வாரத்தில் மாத்திரையை மாற்றாமல் இருந்தால் கொடுக்கலாம், இன்சுலின் போடுகிறவர்கள் கூடாது. பச்சை குத்தினால் ஒரு வருஷம் பொறுக்க வேண்டும், ஆயுசுக்கும் தடை இல்லை. 18 வயதும் 45 கிலோவும் இருந்தால் போய்க் கேளுங்கள், முடியுமா முடியாதா என்பதை அங்கே இருக்கும் டாக்டர் சொல்லட்டும். மயக்கம் வரும் என்று பயந்தால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள், போவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், முடிந்ததும் துள்ளி எழாமல் பத்து நிமிஷம் படுத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. முகாம்கள் எல்லாம் தலைவர்கள் பிறந்தநாள், உலக ரத்த தான நாளான ஜூன் 14, தேசிய தன்னார்வ ரத்த தான நாளான அக்டோபர் 1 என்று குவிந்து வருகின்றன. சிவப்பணு வைத்திருக்க முடிவது 35 முதல் 42 நாள், தட்டணு ஐந்தே நாள். அக்டோபரில் கொடுத்தது மே மாதத்துக்கு வராது. ஏப்ரல், மேயில் கல்லூரிகள் பூட்டியிருக்கும், பசங்க ஊருக்குப் போய்விடுவார்கள், முகாமும் இருக்காது, வேலூர் வெயிலில் வெளியே கிளம்பவே ஆளுக்கு மனசு வராது. ஆபரேஷன் எதுவும் நிற்பதில்லை, தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும். அதனால் வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் முடியும் என்கிறவர்கள் அதை மே மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிறைய தண்ணீர் குடித்து, காலை டிபனை முடித்துக்கொண்டு ரத்த வங்கி திறந்ததும் போனால் வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.