கல்லீரலில் கிரானுலோமா: டிபிதானா, மாத்திரையா?

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அம்மாவுக்கு 52 வயது, முழங்கால் வலி. யூரிக் ஆசிட் 7.4 என்று மெடிக்கலில் அலோபியூரினால் 300 கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, கண் மஞ்சள். கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்த்த பயாப்சியில் கிரானுலோமாவாம். டிபி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். சித்தப்பாவோ காமாலை வைத்தியரிடம் கூப்பிடுகிறார்."

அம்மாவுக்கு அந்த அலோபியூரினாலை, அதாவது யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மாத்திரையை, நிறுத்திவிட்டீர்களா? அதை நீங்கள் எழுதவே இல்லை. இன்னும் சாப்பிட்டால் இன்றே நிறுத்துங்கள். வைத்தியத்தில் பாதி அதுதான்.

கிரானுலோமா நோயின் பெயர் இல்லை. ஆகாத ஒன்றை எதிர்க்கப் போன செல்கள் கூடிக் கட்டிக்கொண்ட பொடி முடிச்சு. டிபியாலும் வரும், மருந்து ஒவ்வாமையாலும் வரும். மருந்து தொடங்கி 2 முதல் 8 வாரத்தில் காய்ச்சல், தடிப்பு, காமாலை சேர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம் மருந்தின் மேல்தான். ரத்தத்தில் ஈசினோபில் (ஒவ்வாமையில் கூடும் ஒரு வகை வெள்ளையணு) கூடியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். டிபி மாத்திரைகளான ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு மூன்றும் கல்லீரலைத் தாக்கக்கூடியவை. அதனால் மார்பு எக்ஸ்ரே, கிருமிப் பரிசோதனை பார்த்தார்களா என்று கேளுங்கள். டிபி உறுதியானால் மறுக்காதீர்கள், கல்லீரலுக்கு ஏற்றபடி மருந்தை மாற்றித் தருவார்கள்.

மெடிக்கல் கடைக்காரரைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கால் கட்டை விரல் சிவந்து வீங்கும் கௌட் என்ற மூட்டு நோய் இல்லாமல், ரத்தத்தில் யூரிக் ஆசிட் எண் கூடியதற்காக மட்டும் இந்த மாத்திரை தேவையில்லை. கௌட் இருந்தாலும் 100 மில்லிகிராமிலோ அதற்கும் குறைவாகவோதான் தொடங்குவோம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது. யார் கேட்கிறார்கள்? என் மேஜையில் தினமும் கொட்டுகிறார்கள்: பெயர் அச்சிட்ட பக்கத்தை விட்டு வெட்டிய அட்டைத் துண்டு, உள்ளே நாலு வெள்ளை மாத்திரை. இதில் எதைக் குற்றம் சொல்வது? அட்டையில் பெயர் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.

காமாலை வைத்தியரிடம் கூட்டிப்போக பஸ் ஸ்டாண்டிலேயே ஆள் நிற்கிறான். போகாதீர்கள். கீழாநெல்லியோடு என்ன அரைத்தார்கள் என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மருந்தால் கல்லீரல் செல்கள் சிதைந்து காமாலையும் கண்டவர்களில் பத்தில் ஒருவர் வரை இறக்கலாம். ஒரு வாரம் வீணானால் பெரிய நஷ்டம்.

நிறுத்தச் சொன்னேன் என்று வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஃபெனிடாயின் என்ற வலிப்பு மாத்திரையும் இப்படியே செய்யும்தான். ஆனால் திடீரென்று விட்டால் வலிப்பு அடுக்கடுக்காக வரும். தடிப்பு கண்ட அன்றே டாக்டரிடம் ஓடுங்கள், அவர் வேறு மருந்து கொடுத்து இதை நிறுத்துவார். கார்பமசெபினோ ஃபீனோபார்பிடோனோ எழுதினால், "ஃபெனிடாயின் ஆகவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றும் ஒரே ஜாதி, ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போகலாம்.

அம்மாவை இன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். மயக்கம், பேச்சுக் குழப்பம், ரத்தக்கசிவு என்றால் விடியும்வரை காக்காதீர்கள். மருந்தை நிறுத்தினால் இந்த முடிச்சுகள் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தழும்பில்லாமல் கரையும். அந்த மீதி அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள்.