கூடையில் போடுகிறார்கள், வாங்காமல் போகிறார்கள்

கேள்வி: கையால் தைத்த தோல் பைகளையும் பர்ஸ்களையும் சொந்த இணையதளத்தில் விற்கிறேன். கடந்த மாதம் சுமார் 4,000 பேர் வந்தார்கள். கிடைத்தது 24 ஆர்டர். வருபவர்களில் பெரும்பாலோர் சமூக ஊடக விளம்பரத்தைப் பார்த்துக் கைப்பேசியில் வருபவர்கள். தளம் பழசாகத் தெரிகிறது, முழுவதையும் புதிதாக வடிவமைத்தால் விற்பனை கூடும் என்கிறார் வடிவமைப்பாளர். அவர் கேட்கும் தொகை எனக்குப் பெரிது. செய்யலாமா? இல்லையென்றால் எதை முதலில் மாற்றுவது? அனலிட்டிக்ஸ் காட்டும் எண்கள்: பொருள் பக்கத்தைப் பார்த்தவர்கள் 1,900, கூடையில் சேர்த்தவர்கள் 210, செக் அவுட்டை (முகவரி தந்து பணம் கட்டும் கட்டத்தை) தொடங்கியவர்கள் 150, பணம் செலுத்தி முடித்தவர்கள் 24.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தளம் பழசாகத் தெரிகிறது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் விற்பனையைத் தடுப்பது அதன் தோற்றம் இல்லை என்பதற்கு நீங்கள் அனுப்பிய எண்களே சாட்சி.

பொருள் பக்கத்தைப் பார்த்தவர்களில் 11 சதவீதம் பேர் பையைக் கூடையில் போட்டிருக்கிறார்கள். விளம்பரத்தைத் தட்டிவிட்டு வந்த, உங்கள் கடையின் பெயரையே முதன்முறையாகக் கேள்விப்படுகிற கூட்டத்துக்கு இது நல்ல எண். தோற்றம் அவர்களை விரட்டியிருந்தால் இந்த இடத்திலேயே எண் சரிந்திருக்கும். கூடையில் போட்ட 210 பேரில் 150 பேர் செக் அவுட்டுக்கும் போயிருக்கிறார்கள். பை பிடித்திருக்கிறது, விலை ஒத்துவந்திருக்கிறது, வாங்கலாம் என்று மனமும் வந்திருக்கிறது. அப்படிப்பட்ட 126 பேர் பணம் கட்டுகிற இடத்தில் காணாமல் போயிருக்கிறார்கள்.

கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் போவது எல்லா இணையக் கடைகளிலும் நடப்பதுதான். இணையக் கடைகளின் பயன்பாட்டை ஆராயும், டென்மார்க்கிலுள்ள பேமார்ட் நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துத் தரும் சராசரி சுமார் 70 சதவீதம். விலையை ஒப்பிடுபவர்கள், பிறகு பார்க்கலாம் என்று கூடையில் சேர்த்து வைப்பவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். உங்கள் கடையில் அந்த எண் 89. செக் அவுட் வரை வந்தவர்களில் மூன்றில் ஒருவர் வாங்கி முடித்தாலே மாதம் 50 ஆர்டர் ஆகிவிடும். விளம்பரத்துக்குக் கூடுதலாக ஒரு காசும் செலவழிக்காமல் விற்பனை இரட்டிப்பாகும்.

உங்கள் கடையில் ஒரு பையைத் தேர்ந்தெடுத்து, கைப்பேசியில் கடைசிப் பொத்தான் வரை போய்ப் பார்த்தேன். எங்கே ஆட்களை இழக்கிறீர்கள் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகவில்லை.

முதல் இடம், டெலிவரி கட்டணம். பொருள் பக்கத்திலும் இல்லை, கூடையிலும் இல்லை. முகவரி முழுவதையும் நிரப்பிய பிறகு, கடைசித் திரையில் திடீரென்று மொத்தத் தொகை ஏறுகிறது. செக் அவுட்டில் மக்கள் பின்வாங்குவதற்கான காரணங்களில், எதிர்பாராத கூடுதல் செலவுக்குத்தான் பேமார்ட் ஆய்வுகளில் ஆண்டுதோறும் முதலிடம். கட்டணம் அதிகம் என்பதைவிட, அதை மறைத்து வைத்தீர்கள் என்ற எண்ணம்தான் கெடுக்கிறது. தொகையை ஒரு பைசாகூடக் குறைக்காமல், பொருள் பக்கத்தில் விலைக்கு நேர் கீழே ஒரு வரியாக எழுதிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இடத்துக்கு இடம் கட்டணம் மாறும் என்றால், அஞ்சல் குறியீட்டை மட்டும் கேட்டு அங்கேயே தொகையைச் சொல்லிவிடுங்கள்.

டெலிவரியை இலவசமாக்கலாமா என்ற யோசனை அடுத்து வரும். கட்டணத்தை விலையிலேயே சேர்த்துவிடுவது பைகளுக்குச் சரிவரும். பர்ஸுக்கு வராது, ஏனென்றால் சிறிய பொருளின் விலை அப்பட்டமாக உயர்ந்து தெரியும். இன்ன தொகைக்கு மேல் வாங்கினால் இலவசம் என்று வைப்பது உங்களுக்குப் பொருந்தும். அந்த எல்லையைக் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். கடந்த மாத ஆர்டர்களைத் தொகை வாரியாக வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியை எடுக்க வேண்டாம். யாரோ ஒருவர் நான்கு பைகளை மொத்தமாக வாங்கியிருந்தால் 24 ஆர்டர்களின் சராசரி தாறுமாறாகிவிடும். நடு ஆர்டரைவிடச் சற்று மேலே, ஒரு பர்ஸைச் சேர்த்தால் எட்டிவிடக்கூடிய உயரத்தில் எல்லையை வையுங்கள். அந்தப் பர்ஸில் கிடைக்கும் லாபம் டெலிவரிச் செலவை ஈடுகட்டுகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அறிவியுங்கள்.

இரண்டாவது இடம், கணக்குத் தொடங்கச் சொல்லும் பக்கம். முதன்முறையாக ஒரு பை வாங்க வந்தவரிடம் கடவுச்சொல் உருவாக்கச் சொல்கிறீர்கள். அதில் பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் வேண்டும் என்று மூன்று முறை திருப்பி அனுப்புகிறீர்கள். பயன்பாட்டு ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதிய ஒரு நிகழ்வு இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு பெரிய இணையக் கடை, பணம் செலுத்தும் முன் பதிவு செய்யச் சொல்லும் பொத்தானை எடுத்துவிட்டு, பதிவு செய்யாமலேயே தொடரலாம் என்ற ஒரு வரியையும் தொடர்வதற்கான பொத்தானையும் வைத்தது. வாங்கி முடித்தவர்களின் எண்ணிக்கை 45 சதவீதம் உயர்ந்தது. உங்களுக்கும் அதே அளவு உயரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டாயப் பதிவை வைத்துக்கொள்வதற்கு உங்கள் பக்கம் ஒரு நியாயமும் இல்லை. ஆர்டர் முடிந்த பிறகு வரும் நன்றிப் பக்கத்தில், விருப்பமிருந்தால் கடவுச்சொல் அமைத்துக்கொள்ளலாம் என்று கேட்டால் போதும். மற்ற விவரங்கள்தான் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றனவே. பெரும்பாலான கடை மென்பொருள்களில் இதற்கு அமைப்புகள் பகுதியில் ஒரு தேர்வு இருக்கும். செலவு கிடையாது.

மூன்றாவது, படிவம். ஐபோனில் உங்கள் பெயர்ப் பெட்டியைத் தொட்டதும் திரை முழுவதும் பெரிதாகி, பக்கம் ஓரமாக நகர்ந்துவிடுகிறது. பெட்டிக்குள் இருக்கும் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் ஐபோனின் சஃபாரி உலாவி இப்படித்தான் செய்யும். எழுத்தை 16 ஆக்கினால் சரியாகிவிடும். தொலைபேசி எண்ணைக் கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை வர வேண்டும். உங்கள் தளத்தில் எழுத்து விசைப்பலகை வருகிறது. கைப்பேசி சேமித்து வைத்திருக்கும் பெயரையும் முகவரியையும் தானாக நிரப்பிக்கொள்ள அனுமதியுங்கள். நிறுவனத்தின் பெயர், இரண்டாவது தொலைபேசி எண், எங்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்ற கேள்வி ஆகிய மூன்றையும் நீக்கிவிடுங்கள். ஒரு பையைப் பொட்டலம் கட்டி அனுப்ப இவற்றில் எதுவும் தேவையில்லை.

கூப்பன் பெட்டியையும் சொல்ல வேண்டும். உங்கள் செக் அவுட்டில் மொத்தத் தொகைக்கு மேலேயே பெரிதாக ஒரு வெற்றுப் பெட்டி இருக்கிறது. கூப்பன் இல்லாதவர் அதைப் பார்த்ததும் தனக்கு மட்டும் விலை அதிகம் என்று நினைப்பார்; கூப்பன் தேடிக் கூகுளுக்குப் போவார்; போனவர்களில் பலர் திரும்ப மாட்டார்கள். அதை ஒரு சிறிய இணைப்பாகச் சுருக்கி, தொட்டால் மட்டும் திறக்கும்படி வைத்தால் போதும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத ஒன்றும் இருக்கலாம். பணப் பரிமாற்றத்துக்கு நீங்கள் பயன்படுத்தும் பேமெண்ட் கேட்வேயின் கணக்குப் பக்கத்தில், தோல்வியடைந்த பரிமாற்றங்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள். சிறு கடைக்காரர்கள் வெற்றியடைந்தவற்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த 126 பேரில் சிலர் பணம் கட்ட முயன்று, ஏதோ ஒரு பிழைச் செய்தியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கக்கூடும். ஒரே வகைக் கார்டு அல்லது ஒரே வங்கி திரும்பத் திரும்பத் தோல்வியடைந்திருந்தால் அது வாடிக்கையாளரின் குறை இல்லை. கேட்வே நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்கு இன்னொரு சந்தேகம் உண்டு. சமூக ஊடக விளம்பரத்தைத் தொடுபவர், அந்தச் செயலிக்குள்ளேயே திறக்கும் உலாவியில்தான் உங்கள் கடையைப் பார்க்கிறார். அவருடைய வழக்கமான உலாவியில் சேமித்திருக்கும் முகவரியும் கார்டு விவரமும் அங்கே பெரும்பாலும் வராது. வங்கிச் செயலிக்குப் போய் ஒப்புதல் தந்துவிட்டுத் திரும்பும்போது பக்கம் தொலைந்துபோவதும் உண்டு. நீங்கள் தளத்தை எப்போதும் கணினியில் சோதித்துப் பார்ப்பவராக இருந்தால் இது உங்கள் கண்ணில் பட வாய்ப்பே இல்லை. விளம்பரத்தை நீங்களே தொட்டு, கைப்பேசியில், அந்தச் செயலிக்குள் இருந்தபடி ஒரு பர்ஸை உண்மையாகவே பணம் கட்டி வாங்கிப் பாருங்கள். பிறகு பணத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

பொருள் பக்கத்தில் பெரிய குறை இல்லை, ஆனாலும் இரண்டு விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன. பையின் படங்கள் எல்லாமே வெள்ளைப் பின்னணியில் இருக்கின்றன. அதைப் பார்த்து அளவை யாராலும் ஊகிக்க முடியாது. தோளில் மாட்டியபடி ஒன்று, உள்ளே ஒரு மடிக்கணினியோ புத்தகமோ வைத்தபடி ஒன்று சேருங்கள். நீளம், அகலம் சென்டிமீட்டரில் இருந்தாலும் மக்கள் கண்ணால்தான் அளக்கிறார்கள். இரண்டாவது, எப்போது வந்து சேரும் என்பது. ‘3 முதல் 7 வேலை நாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்குபவர் நாள்காட்டியை எடுத்து விடுமுறையைக் கழித்துக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. இன்று ஆர்டர் செய்தால் இந்தத் தேதிக்குள் வரும் என்று தேதியாகவே காட்டுங்கள். திருப்பி அனுப்பும் விதிகள் தளத்தின் அடியில் எங்கோ இருக்கின்றன. அவற்றின் சாரத்தை ஒரே வரியில் வாங்கும் பொத்தானுக்குக் கீழே கொண்டுவாருங்கள். வேறு என்ன விடுபட்டிருக்கிறது என்று அறிய என்னைவிட நல்ல ஆலோசகர் உங்கள் மின்னஞ்சல் பெட்டி. ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால் அதற்கான பதில் பக்கத்தில் இருக்க வேண்டியது.

வேகம் குறித்து அதிகம் சொல்வதற்கில்லை. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அது சொல்லும் பல குறைகளில் உங்களுக்கு முக்கியமானது ஒன்றுதான்: கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றிய கனமான படங்கள். அவற்றைச் சிறிதாக்கி, குறைந்த எடையில் சேமிக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

இந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொன்றின் பலனையும் தனித்தனியே அளந்து பார்க்கும்படி உங்களுக்கு யாராவது அறிவுரை சொல்வார்கள். பார்வையாளர்களில் பாதிப் பேருக்குப் பழைய வடிவத்தையும் பாதிப் பேருக்குப் புதியதையும் காட்டி ஒப்பிடுவதை ஏ/பி சோதனை என்பார்கள். பெரிய நிறுவனங்களுக்கு அது சரி. 100 பேரில் 2 பேர் வாங்குகிற ஒரு கடையில், அது 2.4 ஆக உயர்ந்ததா என்று நம்பகமாகத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறக்குறைய 20,000 பேர் வேண்டும். 100 பேரில் ஒருவர்கூட வாங்காத உங்கள் கடையில் அதே விகித உயர்வைக் காண இன்னும் பல மடங்கு பேர் வேண்டும்; அதற்கு மாதங்கள் அல்ல, ஆண்டுகள் ஆகும். அதற்குள் பைகளின் வடிவமே மாறியிருக்கும். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்துவிடுங்கள். எது பலன் தந்தது என்று தெரியாமலே போகட்டும். ஒரே ஒரு எண்ணை மட்டும் கவனியுங்கள்: செக் அவுட்டைத் தொடங்கியவர்களில் எத்தனை சதவீதம் பேர் பணம் செலுத்தினார்கள். இப்போது அது 16. அடுத்த மாதம் 30 ஆனால், 150 பேர் என்ற சிறிய கணக்கிலும் அதை உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். 18 அல்லது 19 ஆனால் எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்த அளவு ஏற்ற இறக்கம் தானாகவே வரும்.

எண்ணுக்குப் பதிலாக ஆட்களைப் பாருங்கள். இன்னொரு பயன்பாட்டு ஆய்வாளரான ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டிலேயே சொன்னது, ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் ஒரு தளத்தின் பெரும்பாலான சிக்கல்கள் வெளிவந்துவிடும் என்று. உங்கள் கடையை முன்பின் பார்த்திராத ஐந்து பேரிடம் கைப்பேசியைக் கொடுத்து ஒரு பை வாங்கச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பாருங்கள். இதுதான் கடினமான பகுதி. அவர் தவறான இடத்தைத் தொடும்போது, ‘அங்கே இல்லை, கீழே’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் சோதனை போயிற்று. நேரில் ஆட்கள் கிடைக்காவிட்டால் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற இலவசக் கருவியை இணையுங்கள். முன்பின் தெரியாத பார்வையாளர் எங்கே தயங்கினார், எதைத் திரும்பத் திரும்பத் தட்டினார் என்பதைப் பதிவுசெய்து காட்டும். அதை இணைத்திருப்பதை உங்கள் தனியுரிமைக் கொள்கையில் குறிப்பிட மறக்க வேண்டாம்.

இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது என்று ஓடும் கடிகாரம், இப்போது 14 பேர் இந்தப் பையைப் பார்க்கிறார்கள் என்ற அறிவிப்பு போன்றவற்றை விற்க உங்களைத் தேடி வருவார்கள். பக்கத்தைப் புதுப்பித்தால் கடிகாரம் மறுபடி பத்திலிருந்து தொடங்குவதை வாங்குபவர்கள் கண்டுபிடித்து வெகுகாலம் ஆகிறது. கையால் தைத்த பையை விற்பவருக்கு இந்தப் பொய் இன்னும் அதிகமாகவே ஒட்டாது. கூடையை விட்டுப் போனவருக்கு, அவர் மின்னஞ்சல் தந்து அனுமதியும் தந்திருந்தால், ஒரே ஒரு நினைவூட்டல் அனுப்புவது நியாயம். அதில் தள்ளுபடி தராதீர்கள். தந்தால் அடுத்த முறை எல்லோரும் வேண்டுமென்றே கூடையை விட்டுவிட்டுக் காத்திருக்கக் கற்றுக்கொள்வார்கள்.

வடிவமைப்பாளரிடம் என்ன சொல்வது? மேலே உள்ள வேலைகளைப் பட்டியலிட்டு, இவற்றுக்கு மட்டும் எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அவர் நல்லவராக இருந்தால் சில நாள் வேலை என்று சொல்வார். செக் அவுட் எண் சரியான பிறகும், பொருள் பக்கத்திலிருந்து கூடைக்குப் போகும் அந்த 11 சதவீதம் பின்னாளில் சரியத் தொடங்கினால், அப்போது தோற்றத்தைப் பற்றிப் பேசலாம். அன்றைக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரியை மட்டும் சேர்க்கச் சொல்லுங்கள்: பொருள் பக்கங்களின் இணைய முகவரிகள் மாறக் கூடாது; மாறியே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 என்ற நிரந்தர வழிமாற்றம் வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் புதுத் தளத்தைத் திறந்தால், கூகுள் தேடலில் இலவசமாக வந்துகொண்டிருந்தவர்கள் வெற்றுப் பக்கத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்பார்கள்.