மழைநீர்க் குழி: அபராதப் பயமும் அடைத்த வண்டலும்

வணக்கம் சார். வேளச்சேரியில் உங்கள் குடியிருப்பின் மழைநீர்க் குழியில் மூன்று நாளாகியும் தண்ணீர் வடியவில்லை, மாநகராட்சியின் காலநிலைத் திட்டத்தைக் காட்டி ஒருவர் அபராதம் என்று பயமுறுத்துகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தத் திட்டத்தையும் குழிக்கான சட்டத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2023 ஜூனில் வந்த சென்னைக் காலநிலைச் செயல்திட்டம் 2050-க்குள் கார்பன் சமநிலை, அதாவது நகரம் வெளியிடும் கரியமில வாயுவும் உறிஞ்சப்படுவதும் சமமாக வேண்டும் என்கிற இலக்கு. உங்கள் குழிக்கு அடிப்படை, தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி 2003-ல் வந்த சட்டம். பழைய கட்டடங்களுக்கும் அது பொருந்தும். மழைநீர் சேகரிப்பு அமைப்பே இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் அதில் இடம் உண்டு. உங்களிடம்தான் குழி இருக்கிறதே.

சரி, தண்ணீர் ஏன் நிற்கிறது? பெரும்பாலும் வண்டல்தான். மேல் ஜல்லியை அள்ளிப் பாருங்கள். எங்கள் குடியிருப்பில் அதற்கடியில் களிம்பு போல கறுப்புச் சேறு ஒரு சாண் இருந்தது, நடுவில் ஒரு ஷாம்பு பாக்கெட்! ஜல்லியைக் கழுவி, மணலை மாற்றினோம். அடுத்த மழையில் தண்ணீர் விறுவிறுவென்று இறங்கியது. துணி துவைக்கும் தண்ணீர், குழிக்கு மழைநீர் வரும் குழாயில் சேர்கிறதா என்றும் பாருங்கள். மாடியை முதல் மழைக்கு முன் பெருக்கிவிடுங்கள். ஆனால் வேளச்சேரி தாழ்வான பகுதி. கனமழையில் நிலத்தடி நீரே மேலே வந்துவிட்டால் எந்தக் குழியும் வடியாது, அது உங்கள் தப்பில்லை.

ஐப்பசிக்கு முன் முடித்துவிடுங்கள். அப்புறம் தெரு வடிகாலும் அடைத்திருந்தால் அதைப் பற்றி உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.