ஒரு கிழமை, ஏழு விதமான படம்: கேள்வி பதில்

நாளுக்கு ஒன்றாக ஒரு கிழமைக்குப் பலவிதமான படங்கள் பார்க்க வெளிக்கிட்டிருக்கும் யாழ்ப்பாணத்து ரசிகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கொக்குவில்: அண்ணை, நாங்கள் நாலைஞ்சு பேர் சேர்ந்து வாற சனியில இருந்து நாளுக்கொரு படம் பாக்கப் போறம். நாடும் காலமும் வேற வேறயா இருக்கவேணும். என்ன ஒழுங்கில பாக்கலாம்?

பதில்: தம்பி, நாடு மாறினால் மட்டும் காணாது. ஒரு படம் அடுத்த படத்துக்குக் கதவு திறந்துவிட வேணும். சனி இரவு அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ஊமைப்படம் ‘த ஜெனரல்’ (1926). பேச்சில்லை, சின்னப்பிள்ளையில இருந்து கிழவர் வரைக்கும் இருந்து பார்ப்பினம். ஞாயிறு பகலில் ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953). 136 நிமிடம், ஆறுதலாகப் போகிற படம். வேலை முடிந்து களைத்து வந்த இரவில் அதைப் போடவேண்டாம்.

அடுத்த நாலு நாளும் ஒரு சங்கிலி. திங்கள், ரோமில் எடுத்த, இத்தாலிய இயக்குநர் டி சீக்காவின் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ (1948), 89 நிமிடம்தான். 1950இல் லண்டனில் அந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான், ஸ்டூடியோவுக்கு வெளியே, பெயர்போன நடிகர்கள் இல்லாமல் படம் எடுக்கலாம் என்ற துணிவு சத்யஜித் ராய்க்கு வந்தது. ஆகவே செவ்வாய் ராயின் வங்காளப் படம் ‘பாதேர் பாஞ்சாலி’ (1955). புதன் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956). அதுவரைக்கும் சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோ பாணியில் வந்துகொண்டிருந்தன. பீரிஸ் கமெராவைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போனார். படம் 1957இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. வியாழன் தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’ (1977). யாழ்ப்பாணத்தில், தமிழில் எடுக்கப்பட்ட படம். சாதியும் சீதனமும் ஒரு வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதுதான் கதை. ரோமில் துவங்கிய வழி நாலு நாளில் எங்கட ஒழுங்கைக்கு வந்து சேரும். வெள்ளி கோயிலுக்குப் போய் வந்து, தியேட்டரில் புதுத் தமிழ்ப்படம் ஒன்று.

மானிப்பாய்: ‘டோக்கியோ ஸ்டோரி’ போட்டு அரை மணித்தியாலத்தில நித்திரை வந்திட்டுது. ஒண்டுமே நடக்கேல்லை. அதில என்னத்தைப் பாக்கிறது?

பதில்: நடக்கிறது நிறைய, ஆனால் யாரும் சத்தம் போடுவதில்லை. வயதுபோன தாயும் தகப்பனும் ஊரிலிருந்து டோக்கியோவில் இருக்கிற பிள்ளைகளைப் பார்க்க வருகினம். பிள்ளைகளுக்கு நேரமில்லை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட ஊர் ஆக்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு இடத்தை மட்டும் வடிவாகப் பாருங்கள். பிள்ளைகள் காசு சேர்த்து, பெற்றோரை அதாமி என்ற கடற்கரை ஊருக்கு அனுப்பி விடுகினம். உபசாரம் மாதிரித் தெரியும், உண்மையில் வீட்டை விட்டு அகற்றுவது. இரவு முழுக்க விடுதியில் பாட்டும் கும்மாளமும். இரண்டு பேருக்கும் நித்திரை இல்லை. விடியக் கடலோரத் தடுப்புச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கினம். வீட்டுக்குத் திரும்புவம் என்று கதைத்துவிட்டு எழும்பும்போது தாய்க்குத் தலை சுற்றி ஒரு கணம் குந்திவிடுகிறா. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு எழும்பி நடக்கிறா. கமெரா கிட்டப் போகாது, இசை எழும்பாது. அந்தக் கணத்தைத் தவறவிட்டால் கடைசி அரை மணித்தியாலம் திடீரென்று வந்தது போல இருக்கும்.

கமெரா பாயில் இருக்கிற ஆளின் கண் மட்டத்தில் இருக்கும், கிட்டத்தட்ட அசையவே அசையாது. காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் புகைபோக்கி, காயப்போட்ட உடுப்பு, ரயில் என்று ஆளில்லாத படங்கள் வரும். அவற்றில் போனை எடுக்கவேண்டாம். மூச்சு விட இயக்குநர் விட்ட இடம் அது.

சாவகச்சேரி: புது ரிவி வாங்கினது. எந்தப் படம் போட்டாலும் சீரியல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகுது. ரிவி பிழையோ?

பதில்: ரிவி பிழையில்லை, கடையில் வரும்போதே போட்டுவிட்ட அமைப்புத்தான் பிழை. படம் செக்கனுக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). ரிவி இரண்டு சட்டகத்துக்கு நடுவில் தானாக இன்னும் சட்டகங்களை உண்டாக்கிச் சொருகுகிறது. எல்ஜியில் அதற்கு ட்ரூமோஷன் என்று பெயர், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் ஓட்டோ மோஷன் பிளஸ் அல்லது பிக்சர் கிளாரிட்டி. முழுதாக நிற்பாட்டுங்கள். 2019க்குப் பிறகு வந்த சில ரிவிகளில் ஃபிலிம்மேக்கர் மோட் இருக்கும். அதைத் தெரிவுசெய்தால் இதெல்லாம் ஒரேயடியாக நிற்கும்.

ஷார்ப்னெஸ் அநேகமான ரிவிகளில் பூச்சியத்துக்குக் கிட்ட இருக்கவேணும், சோனியில் மட்டும் 50தான் நடுநிலை. நிறத்தை வார்ம் பக்கம் வையுங்கள். முதல் நாள் மஞ்சளாகத் தெரியும், மூன்றாம் நாள் பழைய நீலம்தான் பிழை என்று விளங்கும்.

பருத்தித்துறை: பழைய படத்தில ஆக்கள் எல்லாம் கட்டையா, அகலமாத் தெரியினம். இழுக்காமல் விட்டா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டி. எது சரி?

பதில்: பட்டிதான் சரி. அந்தக் காலத்துப் படத்தின் அகலமும் உயரமும் 1.37க்கு 1, உங்கள் ரிவி 1.78க்கு 1. இழுத்து நிரப்பினால் முகம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அகலமாகும். ‘சூம்’ பண்ணினால் அதைவிட மோசம், தலையும் காலும் வெட்டுப்படும். ஓசு படத்தில் பாயில் இருக்கிற ஆளின் மடி காணாமல் போகும். ரிமோட்டில் ஒரிஜினல் அல்லது 4:3 என்று வையுங்கள். ஜஸ்ட் ஸ்கான், ஸ்கிரீன் ஃபிட் மாதிரி ஏதும் இருந்தால் அதையும் போடுங்கள், ஓரங்களில் மறைந்து கிடந்தது வெளியில் வரும்.

நல்லூர்: ஊமைப்படத்தில ஏன் எல்லாரும் பேய் பிடிச்ச மாதிரி ஓடுகினம்?

பதில்: அவை ஓடவில்லை, பிரதி ஓடுகிறது. அப்போது கமெராவைக் கையால் சுற்றுவது வழக்கம், வேகம் செக்கனுக்கு 16இல் இருந்து 24 சட்டகம் வரை மாறும். 18இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் 80 நிமிடப் படம் 60 நிமிடத்தில் முடிந்துவிடும். விஎல்சி என்ற இலவச வீடியோப் பிளேயரில் சதுர அடைப்புக்குறி விசைகளால் வேகத்தைக் குறைக்கலாம், 0.75க்குக் கிட்ட வைத்து, ஆள் நடப்பதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒரு கவனம்: மீட்டெடுத்த நல்ல பிரதியில் வேகத்தை ஏற்கெனவே சரிபார்த்து அதற்கேற்ப இசையும் சேர்த்திருப்பார்கள். அதில் கை வைக்கவேண்டாம். நகைச்சுவைப் படங்களில் கொஞ்சம் வேகம் வேண்டுமென்றே வைத்ததும் உண்டு.

உரும்பிராய்: சப்டைட்டில் துவக்கத்தில சரியா வருது, போகப் போகப் பிந்துது. ஜி விசையை அமத்தி அமத்திக் கை நோகுது.

பதில்: விஎல்சியில் ஜியும் எச்சும் ஒரு அமத்தலுக்கு 50 மில்லிசெக்கன்தான் நகர்த்தும். துவக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு பிந்தினால் அது காணும்: பிந்தினால் ஜி, முந்தினால் எச். உங்களுக்கு இடைவெளி கூடிக்கொண்டு போகிறது. உங்களிடம் இருப்பது 25 சட்டக வேகத்தில் ஓடுகிற பிரதி, பழைய டிவிடியில் இருந்து வந்ததாக இருக்கும். சப்டைட்டில் 23.976க்குச் செய்தது. ஒரு மணித்தியாலத்தில் இரண்டரை நிமிடம் பிந்தும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, சட்டக வேகத்தை 23.976இல் இருந்து 25க்கு மாற்றிச் சேமியுங்கள். பிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால் நடுவிலும் பொருந்தும்.

திருநெல்வேலி: தமிழ்ச் சப்டைட்டில் ஒண்டு கிடைச்சது. கொம்பியூட்டரில ஒரு மாதிரி, ரிவியில இன்னொரு மாதிரி.

பதில்: என்ன தெரிகிறது என்பதில்தான் மருந்து இருக்கிறது. ஒழுங்கில்லாத ஆங்கில எழுத்துகள் சொல் சொல்லாக வந்தால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது; பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றுகிற கருவியில் போடுங்கள். ஆனால் நேர விவரங்கள் இருக்கும் வரிகளை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் மாற்றவேணும், இல்லாவிட்டால் கோப்பே உடையும். வெறும் பெட்டிகள் வந்தால் எழுத்துரு இல்லை. விஎல்சியில் நிர்மலா யூஐ என்ற எழுத்துருவைத் தெரிவுசெய்யுங்கள். எல்லாம் கேள்விக்குறியாக வந்தால், யாரோ யூடிஎஃப்-8 என்ற யுனிகோட் முறையில் இல்லாமல் சேமித்துவிட்டார்கள். எழுத்து அழிந்துவிட்டது, வேறு பிரதி தேடவேண்டியதுதான்.

சில ரிவிகளுக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. பென் டிரைவில் போட்டால் பெட்டிதான் வரும். மடிக்கணினியை எச்டிஎம்ஐ வயரால் கொழுவுங்கள். அல்லது ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சப்டைட்டிலைப் படத்தோடேயே பதித்து எடுங்கள்.

காரைநகர்: அம்மாவுக்குச் சப்டைட்டில் வாசிக்க ஏலாது. சத்தமா வாசிச்சுக் காட்டலாமோ?

பதில்: படம் ஓடும்போது வாசிக்கவேண்டாம் தங்கச்சி, இரண்டு பேருக்கும் படம் போய்விடும். பேச்சுக் குறைந்த படங்களை அம்மாவோடு பாருங்கள். ‘த ஜெனரல்’ அவவுக்குச் சரி. ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ போடுவதற்கு முதல் கதையை நாலு வசனத்தில் சொல்லிவிடுங்கள்: போஸ்டர் ஒட்டுகிற வேலைக்குச் சைக்கிள் வேணும், சைக்கிள் களவு போய்விட்டது, தகப்பனும் மகனும் தேடுகினம். மிச்சத்தை அந்தப் பொடியனின் முகமே சொல்லும்.

வல்வெட்டித்துறை: முத்தத்தில புரொஜெக்டர் வைச்சு முப்பது பேருக்குக் காட்ட யோசிக்கிறம். என்னென்ன கவனிக்கவேணும்?

பதில்: முதலில் வெளிச்சம். மலிவு எல்ஈடி புரொஜெக்டர் பெட்டியில் 5000, 8000 லூமன் என்று போட்டிருப்பதை நம்பவேண்டாம்; நியம முறையில் அளந்த வெளிச்சமான ஆன்சி லூமன் எவ்வளவு என்று கேளுங்கள். 100 அங்குலப் படம் 2.2 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் உயரம். நல்ல இருட்டில் அதற்கு 500 ஆன்சி லூமன் காணும். வீதி லைற் முத்தத்தில் விழுந்தால் 2000க்கு மேல் வேணும். 7 மணிக்கு முதல் துவங்கவேண்டாம், வானத்தில் வெளிச்சம் இருக்கும்.

தூரம் இலகுவான கணக்கு. எறிவு விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால், 2.2 மீற்றர் அகலத்துக்குப் புரொஜெக்டர் 3.3 மீற்றர் தள்ளி இருக்கவேணும். மேசையை உயர்த்தித் திரைக்கு நேராக வையுங்கள். கோணலாக விழும் படத்தைக் கீஸ்டோன் அமைப்பைப் போட்டுச் சரிக்கட்டினால் கூர்மை குறையும். பெட்சீற் ஒன்று கட்டினால் பாதி வெளிச்சம் பின்னால் போகும், காற்றுக்கு ஆடவும் செய்யும். வெள்ளை மட் இமல்ஷன் அடித்த சுவர்தான் மேல். மினுங்கும் பெயின்ற் கூடாது, நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு நிற்கும்.

எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலிருந்து முழுக்க அவிழ்த்துவிடுங்கள், சுருளோடு விட்டால் சூடேறும். லாம்ப் உள்ள புரொஜெக்டருக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம். கரண்ட் போனால் படத்தைத் தொடர்வதற்கு அல்ல. விசிறி ஓடி லாம்ப் ஆறுவதற்கு. சூட்டோடு நின்றால் லாம்பின் ஆயுள் குறையும். படம் முடிந்த பிறகும் விசிறி தானாக நிற்கும் வரை பிளக்கைக் கழற்றவேண்டாம்.

சுன்னாகம்: பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்குது, கதைக்கிறது மட்டும் கேக்கேல்லை.

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். கோப்பில் ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்த 5.1 ஒலி இருந்து, உங்களிடம் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இருந்தால் நடுவில் வரவேண்டிய பேச்சு அடிபட்டுப் போகும். ஸ்டீரியோ ஒலித்தடம் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் விஎல்சியில், பெரிய சத்தத்துக்கும் சின்னச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிற கொம்பிரசரைப் போடுங்கள். மற்றது வீடு. சீமெந்து நிலம், வெறும் சுவர், சீலிங் இல்லாத ஓட்டுக்கூரை என்றால் எதிரொலி மெய்யெழுத்துகளை விழுங்கும். நிலத்தில் இரண்டு பாய் விரித்து, யன்னலுக்குத் தடித்த சீலை போட்டு, கதிரையை முன்னுக்கு இழுங்கள். 43 அங்குல ரிவிக்கு ஐந்தரை அடியிலிருந்து ஆறடி தூரம் அளவானது. எங்கட ஹோல்களில் அநேகமாகப் பத்தடிக்கு மேல் தள்ளி இருக்கிறோம்.

அரியாலை: ராயின் படம் கண்ணாடி மாதிரி இருக்கு. எங்கட பழைய இலங்கைத் தமிழ்ப்படங்கள் ஏன் இவ்வளவு மங்கல்?

பதில்: ‘பாதேர் பாஞ்சாலி’யின் நெகட்டிவும் 1993இல் லண்டனில் தீயில் கருகியதுதான். ஆனால் எரிந்த சுருளைக் காப்பகம் எறியாமல் வைத்திருந்தது. பிறகு அதைச் சட்டகம் சட்டகமாகப் பழுதுபார்த்து 2015இல் 4கேயில் கொண்டுவந்தார்கள். 1983 யூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றை அப்படி எடுத்துப் பாதுகாக்க ஒருவரும் இருக்கவில்லை. அதனால் பழைய தமிழ்ப்படங்களுக்கு மிஞ்சியவை அநேகமாகத் தேய்ந்த பிரதிகளும் வீடியோப் பதிவுகளுமே. வீட்டில் யாரிடமாவது பழைய விஎச்எஸ் இருந்தால் பூஞ்சணம் பிடித்த நாடாவை நேரே பிளேயரில் போடவேண்டாம். பிளேயரில் நாடாவை வாசிக்கிற தலை பழுதாகும், நாடாவும் அறும். முதலில் துப்புரவாக்கத் தெரிந்தவரிடம் கொடுத்து டிஜிட்டலாக்குங்கள். அசையும் இடங்களில் சீப்புப்பல் மாதிரிக் கோடு தெரிந்தால் விஎல்சியில் டி விசையை அமத்துங்கள், டிஇன்டர்லேஸ் ஆகும்.

பல்கலைக்கழக மாணவி: கிழமை முடிவில எல்லாப் படத்தையும் பற்றி எழுத விருப்பம். குறிப்பு எப்பிடி எடுக்கிறது?

பதில்: படம் ஓடும்போது எழுதவேண்டாம். முடிந்து அரை மணித்தியாலத்துக்குள் பத்து வரி. கதையை எழுதவேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். மனதில் நின்ற ஒரு காட்சி, ஒரு சத்தம், கமெரா நின்ற இடம், படம் எங்கே திரும்பியது, எங்கே சலித்தது என்பதை எழுதுங்கள். நட்சத்திரம் போட்டு மதிப்பிட்டால் ஏழு படத்தையும் ஒரே அளவுகோலால் அளக்கவேண்டி வரும். கீட்டனுக்கும் ஓசுவுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை.

எழுதும்போது இரண்டு இரண்டாகப் பொருத்துங்கள். ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ பொடியன் தகப்பனைப் பார்க்கிற பார்வைக்குப் பக்கத்தில் ‘பாதேர் பாஞ்சாலி’ப் பொடியன் அப்பு தன் அக்காவைப் பார்க்கிற பார்வையை வையுங்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’யில் பெற்றோருக்கு நேரமில்லாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில், பிள்ளைக்கு மூச்சுவிட இடம் கொடுக்காத ‘பொன்மணி’ வீட்டை வையுங்கள். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு பந்தி வரும்.

இணுவில்: இவ்வளவும் ஓன்லைனில பாத்தா டேட்டா தாங்குமோ?

பதில்: எச்டி மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும், 4கே 7 ஜிபி. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எச்டி தாராளம். உங்கள் பக்கேஜில் நடுச்சாம டேட்டா இருந்தால் அந்த நேரத்தில் தரவிறக்கி வையுங்கள்.

கோண்டாவில்: வெள்ளிக்கிழமை தியேட்டரில எங்க இருக்கிறது நல்லம்?

பதில்: திரையிலிருந்து பின்சுவர் வரை மூன்று பங்காகப் பிரித்தால், இரண்டு பங்கு முடிகிற வரிசை, நடுக் கதிரை. ஒலியை அந்த இடத்தில் வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். பல்கனி என்றால் முதல் வரிசை; பின்னுக்குப் போகப் போகக் கூரைக்குக் கீழே சத்தம் அடைபடும்.